படகு செய்கிற ஃபைபரில் கார் பானெட் செய்தால் எடை குறையுமா?

கேள்வி இதுதான். கடலூரில் ஒருவரிடம் பழைய மாருதி எஸ்டீம் 1.3 கார் இருக்கிறது. தினப்படி ஓட்ட வேறு கார் உண்டு. இதைச் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே தயார் செய்ய ஆசைப்படுகிறார். முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஃபைபர் படகு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமே பானெட், டிக்கி, முன் ஃபெண்டர் இரண்டு, கதவு நான்கு எல்லாவற்றையும் ஃபைபரில் செய்து மாட்டினால் எடை எவ்வளவு குறையும், வேகம் எவ்வளவு கூடும்?

பானெட், டிக்கி, இரண்டு ஃபெண்டர், இவற்றைச் சரியாகச் செய்தால் மொத்தம் 12 கிலோ அளவுக்குக் குறையும். கதவைத் தொடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. படகு செய்கிற கணக்கிலேயே செய்து வாங்கினால் ஒரு கிராமும் குறையாது. பழைய தகட்டைவிடக் கனமான பானெட்தான் வீட்டுக்கு வரும்.

ஃபைபர் என்றாலே லேசு என்று நினைப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கார் பாடியின் வெளித்தகடு சுமார் 0.7 மி.மீ. தடிமன். அந்தத் தகடு ஒரு சதுர மீட்டர் 5.5 கிலோ. கையால் மேட் (கண்ணாடி இழைப் பாய்) போட்டு, ரெசின் (இறுகும் பிசின்) தடவிச் செய்த ஃபைபர், ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ. ஆக, ஃபைபர் 3.7 மி.மீ. ஆனாலே தகட்டின் எடையைத் தொட்டுவிடும். மறுபக்கம் விறைப்பைப் பாருங்கள். இரும்பு, மேட் ஃபைபரைவிடச் சுமார் 28 மடங்கு விறைப்பானது. ஆனால் ஒரு பலகையின் வளையாத தன்மை அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. அதனால் தகட்டைப்போல மூன்று மடங்கு தடிமன், அதாவது 2.1 மி.மீ. ஃபைபர் இருந்தாலே 0.7 மி.மீ. தகட்டின் விறைப்பு வந்துவிடும். அதன் எடை சதுர மீட்டருக்கு 3 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். 2.1க்குக் கீழே போனால் பானெட் காற்றில் படபடக்கும், 3.7க்கு மேலே போனால் செய்ததே வீண். உங்கள் ஆதாயம் முழுக்க இந்த ஒன்றரை மி.மீ. இடைவெளிக்குள் அடங்கியிருக்கிறது.

படகு செய்கிறவர் கை எந்தப் பக்கம் போகும் என்பது தெரிந்ததுதான். அலையில் அடிபடுகிற, மணலில் இழுபடுகிற பொருளைச் செய்து பழகிய கை அது. 450 மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் இழை) மூன்று, நடுவே ஒரு ரோவிங் (நெய்த இழைத் துணி), மேலே கெட்டியாக ஜெல்கோட் (வெளிப்பக்கத்து வழவழப்பான ரெசின் பூச்சு) என்று போட்டால் சதுர மீட்டருக்கு 7 கிலோ வந்து நிற்கும். தேவனாம்பட்டினமோ வீராம்பட்டினமோ, அவர்களுடைய தொழில் நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேட்டைக் காற்றுக்குமிழ் இல்லாமல் படியவைப்பதில் அவர்களுக்கு நிகராக நகரத்து டிங்கரிங் கடைகளில் ஆள் கிடைப்பது கஷ்டம். நீங்கள் செய்ய வேண்டியது, எத்தனை மேட், எத்தனை கிலோ ரெசின் என்பதை எழுதிக் கொடுப்பது. வேலை நடக்கும்போது தராசோடு பக்கத்தில் நிற்பது.

முதலில் கழற்றி எடை போடுங்கள். லாரி எடைமேடை 5 கிலோ, 10 கிலோ படியில்தான் காட்டும், இந்த வேலைக்கு அது உதவாது. 50 கிலோ வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தொங்கு தராசு போதும். பானெட்டின் கீல் துளைகளில் கயிறு கோத்து உத்தரத்தில் மாட்டி எடை போட்டு, எண்ணை பானெட்டின் உள்பக்கமே மார்க்கரால் எழுதிவிடுங்கள். எஸ்டீம் அளவு காரில் பானெட்டின் பரப்பு சுமார் 1.2 சதுர மீட்டர் என்று வையுங்கள். வெளித்தகடு மட்டும் 6.6 கிலோ, உள்சட்டம், கொக்கி எல்லாம் சேர்ந்து பத்தை எட்டும்.

ஃபைபரில் 300 மேட் ஒன்று, 450 மேட் ஒன்று, 0.4 மி.மீ. ஜெல்கோட். சதுர மீட்டருக்குக் கண்ணாடி இழை 750 கிராம், அதற்கு 2.3 மடங்கு ரெசின் என்றால் 1.7 கிலோ, ஜெல்கோட் அரைக் கிலோ. மொத்தம் 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, தடிமன் 2.1 மி.மீ. பானெட்டுக்கு 3.6 கிலோ. ரிப் (உள்பக்கம் விறைப்புக்கு வைக்கிற முதுகெலும்பு), கீல் இருக்கும் இடத்துத் தகடு எல்லாம் சேர்த்து 5 கிலோவில் முடிக்கலாம். பாதிக்குப் பாதி மிச்சம். டிக்கியில் நாலைந்து கிலோ, ஃபெண்டர் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ சொச்சம். இப்படித்தான் அந்த 12 கிலோ வருகிறது.

இப்போது அதே 12 கிலோவை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். பெட்ரோல் ஒரு லிட்டர் 740 கிராம். டிராக்குக்குப் போகும்போது டேங்கில் 16 லிட்டர் குறைவாக வைத்தால் அதே 12 கிலோ ஐந்து பைசா செலவில்லாமல் குறைந்துவிடும். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் பை மூன்றும் சேர்ந்து 15 கிலோ. பின்சீட், தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட், ஏசியின் கம்ப்ரசர், கண்டென்சர், இவற்றையெல்லாம் கழற்றினால் குறைகிற எடை பானெட்டில் குறைவதை மிஞ்சும். இந்த வண்டி, ஓட்டுநரோடு சேர்த்து 950 கிலோவை ஒட்டி வரும். 12 கிலோ என்பது அதில் நூற்றுக்கு ஒன்றேகால். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் எட்ட 12 விநாடி எடுக்கிற வண்டிக்கு அது 0.15 விநாடிதான். அதனால் மற்றதையெல்லாம் கழற்றிய பிறகு செய்ய வேண்டிய வேலை இது. ஆனாலும் வீண் வேலை என்று சொல்லமாட்டேன்: பானெட்டின் எடை முன்சக்கரத்துக்கு மேலே, உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் ஏற்கெனவே மூக்குதான் கனம். திருப்பத்தில் மூக்கு வெளியே ஓடுகிற குணத்துக்கு அங்கே குறைகிற 5 கிலோ, டிக்கியில் குறைகிற 5 கிலோவைவிட அதிகம் உதவும். ஒன்றே ஒன்று செய்யத்தான் காசு இருக்கிறது என்றால் பானெட்டைச் செய்யுங்கள், டிக்கியை விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்தில் இது புதிதும் அல்ல. பெங்களூரு சிப்பானியின் டால்ஃபின் 1980களில் ஓடியது. பாடி முழுக்க ஃபைபர்.

இனி செய்முறை. பழைய பானெட்டையே அச்சாக வைத்துத்தான் மோல்டு எடுக்க வேண்டும். அதில் ஒரு சொட்டைகூட இருக்கக் கூடாது. பானெட்டில் இருக்கிற பள்ளம் மோல்டில் மேடாகும், பிறகு ஒவ்வொரு பிரதியிலும் வரும். அதை மறைக்க ஒரு கிலோ பட்டி இழுத்தால் நீங்கள் மிச்சப்படுத்தியதில் ஒரு கிலோ போச்சு. மேலே இருப்பது 2கே பெயிண்ட்தானா (ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்ட்) என்றும் பாருங்கள். தின்னரில் நனைத்த பஞ்சைத் தேய்த்துப் பார்த்தால் நிறம் பஞ்சில் ஏறினால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்து, மோல்டும் பானெட்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் இரண்டு வாரமாவது காயவிடுங்கள்.

1000, 1500, 2000 என்று தண்ணீர்த் தாள் போட்டு, பாலிஷ் செய்து, மோல்டு ஒட்டாமல் பிரிவதற்கான ரிலீஸ் வேக்ஸ் ஆறு கோட். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஒரு மணி நேரம் விடுங்கள். கடைசியில், காய்ந்ததும் மெல்லிய படலமாகி ஒட்டவிடாமல் தடுக்கிற பி.வி.ஏ. திரவம் மெல்லியதாக ஒரு கோட். மோல்டுக்கு டூலிங் ஜெல்கோட் 0.7 மி.மீ., முதலில் 300 மேட் ஒன்று மட்டும். அது இறுகிய மறுநாள் 450 மேட் இரண்டு, அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு. நாலையும் ஒரே நாளில் போட்டால் உள்ளே சூடு ஏறி மோல்டு சுருங்கி வளைந்துவிடும். முதுகில் சதுரக் குழாயில் ஒரு சட்டம் செய்து ஒட்டி, ஒரு வாரம் அப்படியே விட்டுப் பிறகு பிரியுங்கள். இதற்கு மேட் 2.7 கிலோ, ரெசின் 7 கிலோ, ஜெல்கோட் ஒன்றேகால் கிலோ போகும். மோல்டில் கஞ்சம் வேண்டாம்; எடை இங்கே ஒரு பொருட்டே இல்லை.

ரெசின் எது என்பதில் கவனம் வேண்டும். படகுக்கு வாங்குகிற சாதாரண ஜி.பி. (பொது உபயோக) ரெசின் டிக்கிக்கும் ஃபெண்டருக்கும் போதும். பானெட் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே இருக்கிறது, ஜி.பி. ரெசின் 70 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். கருப்புப் பெயிண்ட் அடித்த பானெட் மே மாத வெயிலில் சும்மா நின்றாலே அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். பானெட்டுக்கு, அதைவிடச் சூடு தாங்கும் ஐசோ ரெசின் கேளுங்கள், வைனைல் எஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உள்பக்கம் அலுமினிய ஹீட் ஷீல்டு தாள் ஒட்டுங்கள்.

கலக்குவதில் ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெசினை இறுகவைக்கிற கேட்டலிஸ்ட்டும், அதை வேகப்படுத்துகிற கோபால்ட் ஆக்சிலரேட்டரும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகு கேட்டலிஸ்ட். இரண்டையும் அளக்க ஒரே குழாயைப் பயன்படுத்தவும் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள்.

30 டிகிரியில் ஒரு கிலோ ரெசினுக்கு இரண்டிலும் தனித்தனியே 10 முதல் 15 மி.லி. என்று தொடங்கலாம். கத்திரி வெயிலில் சீக்கிரம் இறுகுகிறது என்று கேட்டலிஸ்ட்டைக் குறைப்பதுதான் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. கேட்டலிஸ்ட் 10 மி.லி.க்குக் கீழே போனால் ரெசின் மேலே இறுகினதுபோல் இருந்தும் உள்ளே முழுதாக வேகாது. மூன்று மாதத்தில் பானெட் தொய்யும், பெயிண்டுக்கு அடியில் மேட்டின் நூல் நூலாகத் தெரியும். வெயில் நாளில் குறைக்க வேண்டியது ஆக்சிலரேட்டரை. ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். முழு வாளியில் கலக்கினால் நடுவில் சூடு தேங்கிப் புகைய ஆரம்பித்துவிடும்.

நாளும் நேரமும் கடலோரத்தில் முக்கியம். மேட் ஈரத்தை உறிஞ்சும். ஈர மேட்டில் ரெசின் ஏறாமல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மாசி, பங்குனி சரியான காலம். காலைப் பனி விலகி ஒன்பது மணிக்குத் தொடங்கி, மத்தியானக் கடல்காற்று வீச ஆரம்பிப்பதற்குள் கடைசி மேட்டைப் போட்டு முடியுங்கள். மேட் சுருளை முதல்நாளே பிளாஸ்டிக் உறையோடு வெயிலில் வைத்து எடுத்தால் நல்லது.

பானெட் போடும்போது ஜெல்கோட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டும், ஆனால் விரலில் நிறம் வராது. அதுதான் முதல் மேட் போடுகிற பதம். அதற்கு முன்னால் போட்டாலும், ஜெல்கோட் 0.3க்கும் மெல்லியதாக இருந்தாலும், ரெசின் அதை ஊறவைத்து முதலைத் தோல்போல் சுருக்கிவிடும். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் ஓரங்களைக் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரம் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும், வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும். கூர்மையான மடிப்புகளில் மேட் வளையாமல் தூக்கிக்கொள்ளும், அடியில் காற்று நிற்கும். அங்கே ரெசினில் டால்க் பவுடர் குழைத்து முதலில் ஒரு வரப்பு போல் இழுத்துவிட்டு அதன் மேல் மேட் போடுங்கள். ரோவிங் வேண்டவே வேண்டாம். அதன் கட்டம் கட்டமான நெசவு வெயில் பட்டதும் பெயிண்டுக்கு மேலே தெரியும்.

இங்கேதான் தராசு. இந்தப் பானெட்டுக்கு மேட் 900 கிராம் என்றால் ரெசின் 2.1 கிலோ. அதை நிறுத்துத் தனியே எடுத்து வைத்து, அதற்குள்ளேயே முடிக்கச் சொல்லுங்கள். பிரஷ்ஷால் தாராளமாகத் தடவினால் ஒன்றுக்கு மூன்றரை வரை குடிக்கும். ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடும், பலம் கூடாது. பலம் இழையில் இருக்கிறது. ரெசின் அதிகமான இடம் பளபளவென்று கண்ணாடிபோல் இருக்கும், தட்டினால் அந்த இடத்தில்தான் முதலில் விரியும். சரியாக ரோலர் ஓட்டிய மேட்டில் நூல்களின் உருவம் மேலே லேசாகத் தெரியும்; தொட்டால் சொரசொரப்பு இருக்கும். முக்கால் மணி நேரத்தில் தோல் பதத்துக்கு வரும்போது ஓரத்தைக் கட்டர் கத்தியால் அறுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் கிரைண்டர்தான், அந்தத் தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் நல்லதல்ல.

மோல்டை விட்டு எடுப்பதற்கு முன்பே ரிப் போட வேண்டும். தெர்மாகோலை வெட்டி வைத்து மேட் போடலாம் என்று தோன்றும்; ரெசின் பட்டதும் அது கரைந்து காணாமல் போகும். மீன் பெட்டிக்குப் போடுகிற பஃப் (பாலியூரித்தேன் நுரை) இருக்கிறதே, அதை 40 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரமாக வெட்டி, விளிம்பைச் சுற்றி ஒன்றும் நடுவே எக்ஸ் போலவும் வைத்து, மேலே ஒரு 450 மேட். முந்தின அடுக்கு நன்றாக இறுகிய பிறகே இதைச் செய்யுங்கள். பச்சையாக இருக்கும்போது போட்டால் ரிப் சுருங்கி இழுத்து, வெளியே அதன் கோடு விழுந்துவிடும். கீல், கொக்கி வரும் இடங்களில் 2 மி.மீ. அலுமினியத் தகட்டைச் சொரசொரப்பாக்கித் துளையிட்டு, மேட்டுக்கு இடையே புதைத்து விடுங்கள். பிறகு மோல்டோடு சேர்த்து மூன்று நாள் வெயிலில் வையுங்கள். பாதி வெந்த பானெட்டை மறுநாளே பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தால் அந்தச் சாய்விலேயே அது வளைந்து நின்றுவிடும்.

பிரித்ததும் எடை போடுங்கள். 5.5 கிலோவுக்கு மேல் காட்டினால் ரெசின் எங்கோ தேங்கியிருக்கிறது. பெயிண்டுக்கு முன் வேக்ஸ் ரிமூவரால் துடைத்து, 320 தாள் போட்டு, மறுபடி துடையுங்கள். வேக்ஸ் மிஞ்சினால் பெயிண்ட் மீன்கண் மீன்கண்ணாக விலகும்.

மாட்டும்போது பழைய கொக்கி ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய பானெட் நூறு கி.மீ. வேகத்தில் முன்விளிம்பில் காற்றை வாங்கி மேலே தூக்கும், கொக்கி பிய்ந்தால் நேரே விண்ட்ஷீல்டில் வந்து அடிக்கும். முன்பக்கம் இரண்டு பானெட் பின் கட்டாயம். போல்ட், வாஷர் எல்லாம் எஸ்.எஸ். 316ஆக இருக்கட்டும். ஃபைபர் துருப்பிடிக்காது, ஆனால் நம் உப்புக் காற்றில் சாதா போல்ட் ஒரு மழைக்காலத்தில் துருவேறிப் புடைத்துத் துளையையே பிளந்துவிடும். ஃபெண்டரில் இருக்கும் விளக்குக்கு எர்த் பாடி வழியாக வருகிறதா என்றும் பாருங்கள். ஃபைபரில் மின்சாரம் பாயாது, தனி ஒயர் இழுக்க வேண்டும்.

கதவைத் தொடாதீர்கள் என்றதற்குக் காரணம்: கதவின் தகடு ஓட்டுகிறவரைக் காக்கிற கூட்டின் பகுதி. பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்து இடித்தால் ஃபைபர் கதவு துண்டு துண்டாக உடைந்து வழி விடும். முழு ரோல் கேஜும் அதில் கதவுக் கம்பிகளும் வெல்டு செய்த பந்தய வண்டிக்கு மட்டும்தான் அது பொருந்தும். பானெட்டும்கூட அப்படியே. கம்பெனி பானெட் மோதலில் நடுவில் மடிய வேண்டும் என்றே உள்சட்டத்தில் மடிப்பு வைத்திருக்கிறார்கள், ஃபைபர் மடியாது.

தெருவில் ஓட்டுவதானால் சட்டமும் உண்டு. கடலூர் டி.என். 31 பலகையானாலும் புதுச்சேரி பி.ஒய். 01 பலகையானாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு ஒன்றுதான். ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. எடையும் ஆர்.சி.யில் இருக்கிற விவரம். உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். கழற்றிய கம்பெனி பானெட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். டிராக்குக்கு வண்டியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போங்கள். பந்தயத்தில் கலந்துகொள்வதானால், நாட்டின் மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் சங்கமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அந்த வகுப்புக்கு வைத்திருக்கும் விதியை வாங்கிப் படித்துவிட்டு மோல்டில் கை வையுங்கள். கம்பெனி பானெட்தான் வேண்டும் என்றோ, குறைந்தபட்ச எடை இவ்வளவு என்றோ அதில் இருந்தால் இந்தச் செலவே தேவைப்படாது.

எடை குறைந்ததும் முன்பக்கம் சில மி.மீ. தூக்கி நிற்கும், டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறியிருக்கும்; வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டாதீர்கள். பின்சீட்டும் ஸ்டெப்னியும் கழற்றிய வண்டியில் பின்சக்கரம் பிரேக்கில் சீக்கிரம் லாக் ஆகும், அதனால் முதல் சில சுற்று மெதுவாகவே பிரேக் பிடித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து, கீல் துளைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். முடிபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் இழை விட ஆரம்பித்திருக்கிறது. உள்பக்கம் 80 தாளால் தேய்த்து, உள்ளங்கை அகலத்துக்கு 300 மேட் இரண்டு போட்டு, வாஷரையும் பெரிதாக மாற்றிவிடுங்கள்.